ஐசக் வீட்டுப் பானை

சென்னை
18-3-1963

அன்புள்ள நைனாவுக்கு,

மகள் தேவகிருபை எழுதுவது. நான் சுகம். நீங்களும் சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். கால் வெடிப்புக்கு நான் கொடுத்த களிம்பைத் தடவுகிறீர்களா? இதை உங்களுக்குப் படித்துக் காட்டும் டோரதி டீச்சருக்கு என் வணக்கம்.

ஒரு முக்கியமான விஷயம். ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் இவருக்கு உப்பு கம்மி, அவருக்கு எண்ணெய் கம்மி என்று தட்டு பிரித்து அனுப்புவதோடு நின்றுவிட எனக்கு மனமில்லை. பரோடாவில் ஒரு காலேஜில் எம்.எஸ்ஸி. படிப்பு இருக்கிறது. மனுஷன் என்ன சாப்பிடுகிறான், அதை வைத்து அவன் உடம்பு எவ்வளவு உழைக்கும் என்று ஆராய்கிற படிப்பு. நகராத சைக்கிள் ஒன்றில் ஆளை ஏற்றி மிதிக்கவைத்து, அவன் விடுகிற மூச்சைப் பையில் பிடித்து அளப்பார்களாம். வெகு சிலரைத்தான் எடுப்பார்கள். அதில் ஒருத்தியாகப் போக வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

விண்ணப்பத்தோடு நாமே செய்த சின்ன ஆய்வு ஒன்றும் போக வேண்டும். நம்ம லைன் வீடுகளைப் பற்றி எழுத நினைக்கிறேன். தோல் பதனிடும் டேனரியில் பாடுபடுகிறவர்கள் ஒரு சாதாரண வாரத்தில் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதுதான் விஷயம். எனக்கு லீவு இல்லை. நீங்கள் வீடுவீடாகக் கேட்டால் சொல்லமாட்டேன் என்பவர் யார்? ஒரு தடவை கேட்டால் நீங்கள் மறப்பதுமில்லை. டீச்சர் எழுதிவிடுவார். மே மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும்.

சின்ன வயசில் அம்மா நம் இருவருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, பானையை மறைத்துத்தான் சோறு எடுப்பாள். உள்ளே என்ன இருக்கிறதென்று ஒருநாளும் நான் பார்த்ததில்லை. அதைப் பார்க்கிற ஆசையில்தான் இந்தப் படிப்புக்கு வந்தேனோ என்னவோ.

கடைசியாக ஒன்று. நீங்கள் ராத்திரியில் என்ன சாப்பிடுகிறீர்கள்?

உங்கள் மகள்,
கிருபை


ஆம்பூர்
31-3-1963

என் பிரிய மகள் கிருபைக்கு,

நைனா ஐசக் சொல்ல, டோரதி டீச்சரம்மா எழுதுகிறார்கள். கர்த்தர் தயவால் எழுந்து நடமாடுகிறேன். உனக்கும் அவர் ஒரு குறையும் வைக்கமாட்டார். உன் கடிதத்தை டீச்சரம்மா ஒரு தடவை படித்தார்கள், அது போதும். நீ கேட்ட வரிசையிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

களிம்பு தடவுகிறேன். ஆனால் இது சுண்ணாம்புக் குழியில் நின்று ஊறின கால். களிம்பை அது மதிக்கவில்லை.

மூச்சைப் பையில் பிடிக்கிற சங்கதியை எதிர் வீட்டுச் சர்தார் பாஷாவிடம் சொன்னேன். "நாம டேனரில மூச்சப் புடிச்சிக்கினுதானே ஐசக்கு இத்தினி வருஷம் வேலை செஞ்சோம். நம்மளக் கூப்டா பையே வாணாமே" என்றான். பச்சைத் தோல் நாற்றம் அந்தப் பரோடா ஜனங்களுக்கு எங்கே தெரியப்போகிறது.

பரோடா தூரம்தான். போ. உன்னைப் போர்டிங் ஸ்கூலில் விட்டது ஒரு வியாழக்கிழமை. தூறல். உன் டிரங்குப் பெட்டிக்குப் பூட்டு இல்லை, கொச்சைக் கயிறு போட்டுக் கட்டினோம். ஸ்டேஷனில் போர்ட்டர் அதைப் பார்த்துச் சிரித்தான். இந்தத் தடவை பூட்டு போட்டு அனுப்புகிறேன்.

வீடுவீடாகக் கேட்கிற வேலையைச் செய்கிறேன். ஆனால் இப்போது லெந்து நாள். நம்ம சபையில் பாதிப் பேர் கறி மீன் தொடுவதில்லை. இப்போது கேட்டால் கணக்கு கோணலாகிவிடும். ஈஸ்டர் கழியட்டும்.

டீச்சரம்மாவின் பேனாவில் மை தீர்ந்துகொண்டு வருகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
நைனா


சென்னை
8-4-1963

அன்புள்ள நைனாவுக்கு,

கிருபை எழுதுவது. இங்கே வெயில் ஜாஸ்தி, மற்றபடி சுகம். நீங்கள் மத்தியான வெயிலில் அலையாதீர்கள்.

லெந்து காலம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எந்த வாரத்தில் கேட்கிறோம் என்பதுதான் இந்த ஆய்வில் பெரிய விஷயம். நல்ல வேளை, சொன்னீர்கள். ஈஸ்டர் முடிந்து, பண்டிகை வாசனை இல்லாத ஒரு வாரமாகப் பார்த்துக் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் வரிசையாகப் பதில் சொன்னீர்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. நீங்கள் மறந்திருப்பீர்கள் என்று சொன்னால் ஆம்பூரில் யாரும் நம்பமாட்டார்கள்.

டீச்சருக்கு இத்துடன் ஒரு மைப்புட்டி அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் மகள்,
கிருபை


ஆம்பூர்
28-4-1963

பிரியமுள்ள கிருபைக்கு,

நைனா சொல்லி எழுதுவது. ஜீவனோடும் பெலத்தோடும் இருக்கிறேன், ஸ்தோத்திரம். ஈஸ்டர் ஆராதனையில் உன் அம்மா உயிரோடிருந்தபோது உட்காரும் தூணோரத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மைப்புட்டி உடையாமல் வந்தது. வெயிலில் அலையவில்லை. வீடுகளில் இன்னும் கேட்கவில்லை. ஈஸ்டர் விருந்து முடிந்த கையோடு பக்கத்து லைனில் ஒரு கல்யாணம். அதற்கும் தெருவே போய்ச் சாப்பிட்டது. மே மாதம் பிறந்ததும் கேட்டுவிடுகிறேன். நீ சொன்ன நாளுக்குள் வந்து சேரும், அதற்கு நான் பொறுப்பு.

உன் கடைசிக் கேள்வியை டீச்சரம்மா மறுபடி படித்தார்கள். அந்த நேரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. குடத்தோடு ஓடவேண்டியதாயிற்று.

இப்படிக்கு,
நைனா


ஆம்பூர்
12-5-1963

என் மகள் கிருபைக்கு,

நைனாவின் ஆசீர்வாதம். நான் நன்றாயிருக்கிறேன். உன் சுகத்துக்கு எழுது.

நீ கேட்டது இதோ. திங்கள் தொடங்கி சனி வரை தினமும் சாயங்காலம் கேட்டு, ஞாயிறு டீச்சரம்மாவிடம் சொல்கிறேன். எல்லா வீட்டையும் தனித்தாளில் எழுதியிருக்கிறார்கள். இங்கே மாதிரிக்குச் சில.

சர்தார் பாஷா வீடு: காலையில் ரொட்டி, ஈரல். மத்தியானம் சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு. ராத்திரி கால் சூப்பு. ஆரோக்கியமேரி வீடு: சோறு, தலைக்கறி. பிள்ளைகளுக்கு எலும்பு. ஜம்புலிங்கம் வீடு: இரண்டு நாள் குடல் குழம்பு, பிறகு வறுத்த கறி. ஐசக் வீடு: மத்தியானம் கறி, சோறு. ராத்திரியும் அதே.

இதில் பொய் ஒன்றும் இல்லை. அவரவர் வாயால் சொன்னது. பாதி வீட்டில் அடுப்பில் கொதித்தது எனக்கே மணத்தது. உன் கடைசிக் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

நல்லபடியாக அனுப்பு. கர்த்தர் உன் கையில் பேனாவாக இருப்பார்.

நைனா


சென்னை
15-6-1963

அன்புள்ள நைனாவுக்கு,

கிருபை எழுதுவது. உடம்பு சுகம், மனசு சுகமில்லை. உங்களுக்கு எப்படி இருக்கிறது?

நீங்கள் அனுப்பியதை அட்டவணை போட்டு மே கடைசியில் பரோடாவுக்கு அனுப்பினேன். அங்கிருக்கும் பேராசிரியை அம்மாவிடமிருந்து இன்று பதில் வந்தது. தோல் கூலிகள் தினமும் இருவேளை ஆட்டுக்கறி சாப்பிடுவதாக எழுதியிருக்கிறாய், எங்கள் வாத்தியார்கள் வீட்டில்கூட அப்படி இல்லை என்கிறார். ஒன்று, கேட்டவர் தப்பாகக் கேட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் நான் மேஜையில் உட்கார்ந்து இட்டுக்கட்டியிருக்க வேண்டும். இதற்கு விளக்கம் தராமல் நேர்காணலுக்குக் கூப்பிடமுடியாது என்று முடித்திருக்கிறார்.

இட்டுக்கட்டினேன் என்ற பேரோடு நான் வேறெந்தக் காலேஜ் வாசலுக்கும் போகமுடியாது, நைனா.

நான் இருந்தவரையில் நம் வீட்டில் கறி எடுத்தால் அது தெருவுக்கே தெரியும். இப்போது நம்ம லைன் அப்படி மாறிவிட்டதென்றால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் கிடையாது. அப்படித்தானா? எந்த வாரத்தில் கேட்டீர்கள்? உடனே எழுதுங்கள்.

கிருபை


ஆம்பூர்
30-6-1963

அன்பான தங்கை தேவகிருபைக்கு,

டோரதி எழுதுவது. ஆண்டவர் உனக்குச் சமாதானம் தருவாராக. இது உன் நைனா சொல்லி எழுதுவது அல்ல. நான் எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியாது.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அப்புறமா சொல்றேம்மா" என்று எழுந்து போனார். கோயிலில் பார்க்கிறேன், வணக்கம் சொல்கிறார். கடிதம் எழுத மட்டும் அதன் பிறகு வரவேயில்லை. கதவு சாத்தியிருக்கிறது, உள்ளேதான் இருக்கிறார்.

கேட்டது எந்த வாரம் என்று எழுதியிருந்தாய். பக்ரீத் கழிந்த வாரம். இந்த ஊரில் அந்த வாரம் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? பாஷா வீட்டிலிருந்தும் பெரிய தெரு வீடுகளிலிருந்தும் பாத்திரம் பாத்திரமாகக் கறி வந்துகொண்டே இருந்தது. நம்ம லைனில் எந்த மதத்து வீட்டிலும் வேறு குழம்பு இல்லை. எனக்கு இது அப்போது உறைக்கவே இல்லை, தங்கச்சி. என் வீட்டிலும் அதேதான் சாப்பாடு. தலைக்கு மேலே கொடியில் உப்புக்கண்டம் காய்ந்துகொண்டிருக்க, அதன் கீழே உட்கார்ந்துதான் அந்தத் தாளையெல்லாம் எழுதினேன். நீ சென்னை ஹாஸ்டலில் இருக்கிறாய், உன் தட்டுக்குப் பாஷா வீட்டுக் கறி வரவில்லை. அதனால் உனக்கும் தோன்றவில்லை போலும்.

எனக்குத் தோன்றாதது சரி. ஒரு தேதியையும் மறக்காத உன் நைனாவுக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று என்றுதான் விளங்கவில்லை.

டோரதி


சென்னை
11-7-1963

அன்புள்ள நைனாவுக்கு,

கிருபை எழுதுவது. நீங்கள் சுகம் என்று டீச்சர் எழுதித் தெரிந்துகொண்டேன். டீச்சர்மேல் கோபப்படாதீர்கள்.

லெந்து நாளில் கேட்டால் கோணலாகும் என்று சொன்னவருக்குப் பக்ரீத் தெரியாமல் இருக்காது. அந்த வாரத்துக்காகக் காத்திருந்தீர்கள். எனக்குக் கோபம் இல்லை, ஆனால் ஏன் என்று தெரிய வேண்டும்.

பரோடாவுக்கு உண்மையை எழுதிவிட்டேன். அது பண்டிகை வாரம், கவனிக்காதது என் தவறு என்று. அந்த அம்மா கறாரானவர், அநியாயக்காரர் அல்ல. ஜூலை முப்பதாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார். வரும்போது அதே வீடுகளின் சாதாரண வாரம் கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ரயில் சார்ஜை வீணாக்காதே என்கிறார். வீட்டுக்காரர் பேர் வேண்டாம், நம்பர் போட்டால் போதும்.

இன்னொரு தடவை கேளுங்கள் என்று உங்களை நான் நெருக்கப்போவதில்லை. உங்களுக்கு மனசில்லையென்றால் விட்டுவிடலாம், நான் இந்த வேலையிலேயே இருந்துகொள்கிறேன். காரணத்தை மட்டும் சொல்லுங்கள்.

கிருபை


ஆம்பூர்
14-7-1963

என் பிரிய மகளுக்கு,

நைனா சொல்ல, டீச்சரம்மா எழுதுகிறார்கள். சுகத்துக்குக் குறைவில்லை. இந்தத் தடவை வரிசையாகச் சொல்லப்போவதில்லை. நீ கேட்ட ஒன்றுக்கு மட்டும் பதில்.

சண்டைக் காலம், அரிசி கன்ட்ரோல். உனக்கு நாலு வயசு. பாஷா வீட்டு முற்றத்தில் கோழிக்குஞ்சு துரத்திக்கொண்டிருந்தாய், சிவப்புச் சீட்டிப் பாவாடை. யாரோ அரிசி பதுக்கியிருப்பதாகச் சொல்லி ஓர் ஆபீசர் நம்ம லைனுக்கு வந்தார். கூட ஒரு குமாஸ்தா. குமாஸ்தா தெருவில் நின்று எழுத, ஆபீசர் ஒவ்வொரு வீட்டிலும் நுழைந்து பானை மூடியைத் தூக்கிப் பார்த்து, உள்ளே இருந்தபடியே சத்தம் போட்டுச் சொல்வார். இன்னார் வீடு, கூழ். இன்னார் வீடு, கிழங்கு.

நம் வீட்டில் தூக்கினார். "ஐசக் வீடு, புளியங்கொட்டை" என்றார். வறுத்து ஊறவைத்த கொட்டை, உன் அம்மா அவிக்கப் போட்டிருந்தாள். குமாஸ்தாவுக்குக் காதில் சரியாக விழவில்லை. "இன்னாது?" என்று கேட்டான். அவர் இன்னும் உரக்கச் சொன்னார். தெரு முழுக்க வாசலில் நின்றது. உன் அம்மா கையில் கரண்டியோடு அடுப்பின் பக்கத்தில் நின்றாள்.

அந்த ஆபீசர் கெட்டவர் இல்லை. எங்களைத் திட்டவில்லை, எதையும் எடுக்கவுமில்லை. எழுதத்தான் கேட்டார். கொஞ்ச நாளைக்குப் பிள்ளைகள் நம் வீட்டைப் புளியங்கொட்டை வீடு என்று சொல்லின. அப்புறம் மறந்துவிட்டன. அவள் மறக்கவில்லை. அன்றைக்கு ராத்திரியிலிருந்து பானைக்கும் மனுஷருக்கும் நடுவே முதுகு. என்னிடம்கூட.

உன் முதல் கடிதத்தில் அம்மாவின் முதுகைப் பற்றி எழுதியிருந்தாய். டீச்சரம்மா அந்த வரியைப் படிக்கும்போது எனக்கு அந்த ஆபீசர் குரல் கேட்டது. என் மகளும் எழுதத்தான் கேட்கிறாள், அதையும் யாரோ அந்நியர் உரக்கப் படிப்பார் என்று இருந்தது. பக்ரீத் வாரத்தில் நம்ம லைனில் யார் வீட்டு மூடியைத் தூக்கினாலும் வெட்கமில்லை. அதனால் காத்திருந்தேன். உன் படிப்புக்கே உலை வைப்பேன் என்று நினைக்கவில்லை.

இந்த வாரம் நடுவில் ஆடி பிறக்கிறது. அது தவிர வேறு பண்டிகை இல்லை. நாளைக் காலையில் போகிறேன்.

நைனா


ஆம்பூர்
21-7-1963

மகள் கிருபைக்கு,

நைனாவின் ஆசீர்வாதம். சுகம். தாள்களை டீச்சரம்மா ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புகிறார்கள்.

திங்கட்கிழமை காலை குழாயடியில் எல்லாரும் குடம் வைத்திருக்கிற நேரம் பார்த்துப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் ஆரோக்கியமேரி, "இன்னா தாத்தா, இந்த வாட்டி பிரியாணி எழுதப் போறியா?" என்றாள். பெண்கள் சிரித்தார்கள்.

"இல்லம்மா. பெரிய பண்டிகையில கேட்டு எழுதிட்டேன், எம் பொண்ணுக்கு அதால பேஜாராப் பூடுச்சி. இப்ப நெசத்த எழுதணும். மொதல்ல என் வூடு. எம் பொஞ்சாதி போனதுலேர்ந்து ராத்திரில அடுப்பு மூட்டறதில்ல. காலைல வடிச்ச சோத்துல தண்ணி ஊத்தி வச்சி, உப்பு போட்டுக் குடிச்சிட்டுப் படுக்கிறேன்" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. பாஷா தன் குடத்தை நகர்த்திவிட்டு என் பக்கம் வந்தான். "எதுர் வூட்ல இருக்கேன், எனக்கே தெரியாதேடா. தோஸ்த்தாம் தோஸ்த்து" என்றான். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "எங்க வூட்ல தெனமும் கேவுரு களி. தொட்டுக்க மொளகாத் துவையல். பக்ரீத்து ஒரு நாளு நவாபு, மிச்ச நாளு களிதான். எழுதிக்கோ" என்றான். அதற்கப்புறம் வாரம் முழுக்க நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை, அவர்களே வந்து சொன்னார்கள். ஆரோக்கியமேரி தன் முறைக்கு ஜம்புலிங்கம் சம்சாரத்தோடு சண்டையே போட்டாள்.

தாளைப் பார், புரியும். கூழ், முருங்கைக்கீரை, ஞாயிற்றுக்கிழமை கருவாடு. டேனரிக்குப் போகிறவர்களுக்கு மத்தியானம் டீயும் பொறை ரொட்டியும். ஜம்புலிங்கம் வீட்டில் ஆடி முதல் நாள் பாயசம், அந்த ஒரு நாளைத் தள்ளிவிடு.

மற்றவர்களுக்கு நம்பர் போடு. என் வீட்டுக்கு மட்டும் பேர் போட்டு எழுது. ஐசக் வீடு, ராத்திரி, நீராகாரம். அங்கே யார் உரக்கப் படித்தாலும் படிக்கட்டும்.

பூட்டு வாங்கிவிட்டேன். பார்சலில் வரும்.

நைனா


பரோடா
14-8-1963

அன்புள்ள நைனாவுக்கு,

கிருபை எழுதுவது. ஆண்டவர் உதவியால் நல்ல சுகம். எனக்கு இடம் கிடைத்துவிட்டது. சேர்ந்தும்விட்டேன். டிரங்குப் பெட்டியில் உங்கள் பூட்டுதான் தொங்குகிறது. போர்ட்டர் யாரும் சிரிக்கவில்லை.

நேர்காணலில் அந்த அம்மா என்னையே அட்டவணையைப் படிக்கச் சொன்னார். முதல் வீடு படித்ததும், காதில் விழாதவர் மாதிரி, "என்ன வீடு?" என்று கேட்டார். ஐசக் வீடு என்று இன்னும் உரக்கச் சொன்னேன். இவருக்கு மட்டும் ஏன் பேர் என்றார். அவரே போடச் சொன்னார், என் அப்பா என்றேன். அதற்கப்புறம் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மீதியைப் படிக்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

இங்கே எல்லாவற்றிலும் சர்க்கரை போடுகிறார்கள், பருப்பிலும்கூட. சைக்கிளை நேற்று நானே மிதித்தேன். பாஷா மாமாவிடம் சொல்லுங்கள், பை நிறைய மூச்சு வந்தது. டீச்சர் சுகமா? கால் எப்படி இருக்கிறது?

இப்போதாவது ராத்திரியில் அடுப்பு மூட்டுகிறீர்களா?

உங்கள் மகள்,
கிருபை


ஆம்பூர்
25-8-1963

என் பிரிய மகள் கிருபைக்கு,

நைனா சொல்லி எழுதுவது. சுகம், எல்லாரும் சுகம். வரிசையாகச் சொல்கிறேன்.

இடம் கிடைத்ததைக் குழாயடியில் சொன்னேன். ஆரோக்கியமேரி தன்னால்தான் கிடைத்தது என்கிறாள். பூட்டுக்கு இரண்டு சாவி உண்டு, ஒன்றை வேறு இடத்தில் வை. சர்க்கரை போட்ட பருப்பைப் பாஷா நம்பவில்லை. மூச்சு சங்கதியை நம்பிவிட்டான். டீச்சரம்மா சுகம். கால் அப்படியேதான் இருக்கிறது.

அடுப்பு பற்றிக் கேட்டாய். பாஷா இப்போது விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறான். நான் மூட்டாமல் அவன் எழுந்திருப்பதில்லை. இன்றைக்குச் சோறு, முருங்கைக்கீரை, கொஞ்சம் கருவாடு. இரண்டு பேருக்குப் போதும். டீச்சரம்மா அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறார்கள். என் பேச்சில் சந்தேகம் இருந்தால் அவர்களையே கேள்.

இப்படிக்கு,
நைனா

கிருபை, பானையைப் பார்த்துவிட்டேன். அவர் சொன்னதுதான் உள்ளே இருக்கிறது. மூடியைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார். — டோரதி